ஈரத்துணி

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வால்வு ரேடியோ ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதன் முகக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நான் துடைத்தேன்.

அம்மா காலமான ஆறாம் மாதம், மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்து வீட்டை ஒழித்துக்கொடுக்க நான் மட்டும் போயிருந்தேன். பரணில் ஏறினால் உடைந்த மரக்கால், திரி இல்லாத அரிக்கேன் விளக்கு, ஈயம் போன பித்தளை அண்டா, அதற்குப் பின்னால் கோணிச்சாக்கில் சுற்றிச் சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய ஒரு பொட்டலம். முடிச்சுக்கு மேல் முடிச்சு. அம்மா கட்டியதுதான், சந்தேகமில்லை. அரிவாள்மணையைத் தேடி எடுத்து அறுத்துப் பிரித்தால், எங்கள் மர்ஃபி ரேடியோ.

மரப்பெட்டியின் மூலையில் குளவி கூடு கட்டியிருந்தது. ஸ்பீக்கர் துணியில் எலி வாய் வைத்திருந்தது. மற்றபடி ஆள் அப்படியே இருந்தார். கண்ணாடியின் மேல் மட்டும் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. கிணற்றடிக்குத் தூக்கிப்போய், பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து ஒரு இழுப்பு இழுத்தேன். தூசியோடு கரும்புள்ளிகள் இரண்டு கரைந்து வந்தன. கரப்பான் எச்சம் என்று நினைத்தேன். உற்சாகம் குறையவில்லை. பின்மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுக் கண்ணாடியின் உட்புறத்தையும் துடைத்தேன். துணியை எடுத்துப் பார்த்தபோது அதில் பொன்னிறத் துகள்கள். திருப்பிப் பார்த்தால் கண்ணாடியில் கொழும்பைக் காணோம், டெல்லியில் பாதியைக் காணோம். ஸ்டேஷன் பெயர்களை எல்லாம் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஐம்பது ஆண்டு கழித்து அந்த அச்சு சுவரில் ஒட்டிய விபூதி மாதிரி, தொட்டால் உதிரும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் முன்பக்கத்தை மட்டும் தட்டிவிட வேண்டும். பின்பக்கத்தை மூச்சுக்கூட விடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அன்று மாலை திருச்சியில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ அழைப்பில் ரேடியோவைக் காட்டினேன். பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, அம்மா வைத்த பொட்டு இருக்கிறதா?"

எந்தப் பொட்டு என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், ஆங்கிலம் தெரியாது. கண்ணாடியில் இருந்த ஊர்ப்பெயர்களோ எல்லாம் ஆங்கிலம். அதனால் முள் எங்கே வந்து நிற்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியின் மேல் சாந்தால் இரண்டு பொட்டு வைத்திருந்தாள். மத்திய அலையில் ஒன்று, அது திருச்சி. சிற்றலையில் ஒன்று, அது இலங்கை. சாந்து என்றால் கடையில் குப்பியில் வாங்குவது அல்ல. ஜவ்வரிசியைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காயவைத்தது. நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது ஈரவிரலால் குழைத்துக்கொள்ள வேண்டும். ஈரவிரலுக்கே குழைவது ஈரத்துணிக்கு எப்படித் தாங்கும்? ஐம்பது ஆண்டுக்கு மேல் இருந்ததை ஐந்து நொடியில் வழித்துவிட்டேன்.

பழைய பொருள் எதையும் சுத்தம் செய்வதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து, வீட்டில் உங்களைவிட மூத்தவர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு துணியைக் கையில் எடுங்கள். எது அழுக்கு, எது அழுக்கு இல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

*

அந்த ரேடியோ எங்கள் வீட்டுக்கு வந்தது 1966இல். எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு ஒன்பது. வாங்கிய கதை எங்கள் வீட்டில் நூறு முறை சொல்லப்பட்ட கதை. அதற்கு முன்பு ஊரில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். பஞ்சாயத்து அலுவலகத்தின் மேல் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் சாயங்காலம் செய்தியும் விவசாய நிகழ்ச்சியும் கேட்கும். பாட்டு தொடங்கியதும் பொறுப்பில் இருப்பவர் அணைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். அவருக்குப் பாட்டில் என்ன விரோதமோ.

அந்த நாளில்தான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் குறுவைக்கு வந்தது. ஜப்பான் ரகத்தோடு நம் ரகத்தை ஒட்டி ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. நாற்றங்கால் எப்படி விடுவது, உரம் எப்போது போடுவது என்பதை எல்லாம் திருச்சி வானொலி நிலையம் சொல்லிச் சொல்லிப் பரப்பியதால், ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. விதை கேட்கப் போகிறவர்கள் ஆடுதுறை என்றோ இருபத்தேழு என்றோ கேட்க மாட்டார்கள், ரேடியோ நெல் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். அப்பா முதல் வருடம் அரை மனதோடு இரண்டு மா நிலத்தில் போட்டார். நன்றாக விளைந்தது. நெல் போட்ட காசில் ரேடியோ வாங்கி வந்தார். "சொன்னவனை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்" என்பாராம்.

சொன்னவன் வந்துவிட்டாலும் கேட்கும் உரிமை அப்பாவிடமே இருந்தது. கூடத்தில், சுவாமி படங்களுக்குக் கீழே, சுவரில் அடித்த பலகை மேல் ரேடியோ. அதற்கு அக்கா பூத்தையல் போட்ட துணி உறை. கூடத்தின் குறுக்கே, இரண்டு விரல் அகலத்துக்குச் செம்புக்கம்பி வலையாகப் பின்னிய ஏரியல். காலை ஏழேகால் மணிக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லித் தொடங்கும்போது அப்பா கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். சாயங்காலம் விவசாய நிகழ்ச்சி, இரவு செய்தி. அவ்வளவுதான். வால்வு தேயும், மின்சாரம் ஆகும், பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று மூன்று காரணம் வைத்திருந்தார். மூன்றில் எது உண்மைக் காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வால்வு ரேடியோவைத் தெரியாத தலைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது போட்டதும் பாடாது. குமிழைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், முகப்பு விளக்கு எரியும், அரை நிமிடத்துக்கு மௌனம். பிறகு தூரத்தில் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு 'ம்'. காய்ந்த தூசி சூடேறும் மணம். எங்களுடையதில் பச்சைக் கண் ஒன்று உண்டு. ஸ்டேஷன் சரியாகச் சிக்கச் சிக்க, அதன் இரண்டு பச்சை இறக்கைகளும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகுதான் கையை எடுக்க வேண்டும். எனக்குச் சிறு வயதில் அது பூனைக் கண். இரவில் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

இன்னொன்று, அணைத்த பிறகும் அது சூடாகவே இருக்கும். பெட்டிக்குள் ஐந்தாறு வால்வுகள், அதாவது சூடேறினால்தான் வேலை செய்யும் கண்ணாடிக் குழல்கள். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அடுப்பு. கால் மணி நேரமானாலும் மேல்பலகை வெதுவெதுப்பு அடங்காது. அப்பாவுக்கு இது தெரியும். வயலிலிருந்து வந்ததும் காலைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்தைக் கடக்கும்போது உறைக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஜுரம் அடிக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலத்தான் இருக்கும். ஒன்றும் பேச மாட்டார். போய்விடுவார்.

அம்மா பகலில் இலங்கை கேட்டாள்.

*

இலங்கை வானொலி ஏன் அப்படி ஊரையே பிடித்துக்கொண்டது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1952வாக்கில், மத்தியில் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் காலத்தில், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு நின்றுபோனது. சாஸ்திரிய சங்கீதத்தைக் கேட்டு ஜனங்கள் திருந்த வேண்டும் என்பது எண்ணம். ஜனங்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். யுத்தக் காலத்தில் படைகளுக்காகக் கொழும்பில் அமைத்த வலுவான டிரான்ஸ்மிட்டர்கள் இலங்கை வானொலியிடம் இருந்தன. சிற்றலையில் அது நம் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்கும். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டு போட விவித பாரதியைத் தொடங்கியதற்கு இந்த ஓட்டந்தான் காரணம். ஆனாலும் எங்கள் பக்கத்தில் கொழும்பின் செல்வாக்கு அதற்குப் பிறகும் வெகுகாலம் குறையவில்லை. வேதாரண்யத்தில் நின்றால் யாழ்ப்பாணம் எட்டிப்பிடிக்கும் தூரந்தானே.

பாட்டு மட்டும் காரணமில்லை. பேசியவர்களும் காரணம். எஸ்.பி. மயில்வாகனன், மூச்சுவிடாமல் பேசும் கே.எஸ். ராஜா, நிறுத்தி நிதானமாக ல, ள, ழ மூன்றையும் மூன்றாகச் சொல்லும் பி.எச். அப்துல் ஹமீத். அம்மாவுக்கு ராஜேஸ்வரி சண்முகம். "அந்தம்மா பேசினால் நம்மிடம் மட்டும் பேசுவது மாதிரி இருக்கும்" என்பாள். காலையில் வரும் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி அவளுக்குக் கிடைக்காது. அப்பா வீட்டில் இருப்பார். மத்தியானம் அவர் வயலுக்குத் திரும்பியதும் அம்மா முற்றத்துக் கதவைச் சாத்துவாள். பேண்டுக் குமிழைச் சிற்றலைக்குத் திருப்புவாள். சத்தம் கூடத்தைத் தாண்டாத அளவு. புளி ஆய்ந்துகொண்டோ, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டோ, முறம் மடியில் இருக்க, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பாள். பாட்டு நடுவில் அலை மங்கிப்போகும்போது அவள் கை முறத்தில் அப்படியே நிற்கும். அலை திரும்பி வந்ததும் கையும் திரும்பும். எனக்குக் கண்ணை மூடினால் தெரியும் அம்மா அந்த அம்மாதான்.

*

1977 நவம்பர் 11, விடிந்தால் 12. நாகப்பட்டினத்தைப் புயல் அடித்த இரவு. எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருந்தும் தென்னை பாதி போயிற்று, கூரைகள் பறந்தன. புயல் வருகிறது என்று அன்று சாயங்காலம் வரை ரேடியோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கம்பம் சாய்ந்து மின்சாரம் போனதும் மர்ஃபி வாயடைத்துப் போனார். வேண்டும் என்ற நேரத்தில் வெறும் மரப்பெட்டி. எதிர்வீட்டுப் பெரியப்பாவிடம் பேட்டரி டிரான்சிஸ்டர் இருந்தது. தெருவே அந்தத் திண்ணையில் நனைந்துகொண்டு நின்றது. இன்றும் எங்கள் வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று உண்டு. மழைக்காலத்துக்கு முன் புது செல் வாங்கி, ரேடியோவுக்குள் போடாமல் பக்கத்தில் வைத்திருப்பேன். உள்ளேயே விட்டால் செல் கசிந்து தகட்டைத் தின்றுவிடும். செல்பேசிக் கோபுரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பதைக் கடலோர ஜனங்கள் ஒவ்வொரு புயலிலும் புதிதாகத் தெரிந்துகொள்கிறோம்.

அடுத்த பொங்கலுக்குள் அப்பா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவிட்டார். தோல் உறை போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். வரப்பில் செய்தி, களத்தில் செய்தி. கூடத்து ரேடியோ யாருக்கும் வேண்டாததாகி, தானாக அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. கதவைச் சாத்த வேண்டியதில்லை, சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது. பாட்டி தூங்குகிறாள் என்று நானே குறைக்கச் சொன்னது நினைவிருக்கிறது.

*

இனி ரேடியோவைப் பாட வைத்த கதை. இங்கேயும் முதலில் செய்தது தவறுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பிளக்கைச் சொருகினேன். பத்து நொடியில் மாடு கத்துவது போல ஓர் ஓலம், கூடவே தார் கருகும் வாடை. பிடுங்கிவிட்டேன். நாற்பது ஆண்டு ஓடாத பெட்டிக்குள் முதலில் செத்திருப்பவை மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்கள். மின்சாரத்தை வடிகட்டும் பெரிய கண்டன்சர்கள் உள்ளே உலர்ந்திருக்கும். காகிதக் கண்டன்சர்கள் ஈரம் இழுத்துக் கசியத் தொடங்கியிருக்கும். நேரே மின்சாரம் கொடுத்தால் அவை தாமும் போய், நல்ல நிலையில் இருக்கும் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கண்டன்சர் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. என் நல்ல நேரம், அது பிழைத்தது.

முதலில் பார்த்த கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ளே இருப்பதை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு எஃப்.எம். போர்டு ஒன்று வைத்துத் தருகிறேன் சார், புளூடூத்தும் வரும்" என்றார். தப்பித்து வந்தேன். கும்பகோணத்தில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் கிடைத்தார். பெட்டியின் பின்மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். "பிளக்கைச் சொருகிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் ஐயா என்றேன். "நாற்பது வருடம் தூங்கினவனை எழுப்பி உடனே ஓடச் சொல்வீர்களா?"

அவர் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மின்சாரத்தை நேரே கொடுக்காமல் நடுவில் ஒரு அறுபது வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், ரேடியோவுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கணம் பிரகாசித்துவிட்டு மங்கினால் பயமில்லை. எங்களுடையது பளீர். வடிகட்டிக் கண்டன்சர்களையும் காகிதக் கண்டன்சர்கள் அத்தனையையும் மாற்றினார். வால்வுகளில் ஒன்றுதான் போயிருந்தது. கரகரத்த வால்யூம் குமிழுக்குத் துப்புரவுத் திரவம் ஒரு சொட்டு. முள்ளை நகர்த்தும் டயல் நூல் அறுந்துபோயிருந்தது, அதைக் கட்டுவதற்குத்தான் அரை நாள் ஆயிற்று. நூல் எந்தச் சக்கரத்தில் எத்தனை சுற்று சுற்றி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறுபடும் முன்பே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். எங்களுடையது அறுந்தே வந்ததால் நாலு முறை கட்டி அவிழ்த்தார். கூலியும் சாமானுமாக நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று.

ஆர்வத்தில் நீங்களே திறக்கப் போனால் ஓர் எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சருக்குள் இருநூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைவிட மோசம், சில செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. அவற்றின் உலோகச் சட்டத்தில் வீட்டு மின்சாரம் நேராக நிற்கலாம். உடைந்த குமிழுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திருகைத் தொட்டாலே போதும். வால்வு வேலை தெரிந்த கை இல்லையென்றால் துடைப்பதோடு நிறுத்துங்கள். அதுவும் உலர்ந்த துணியால்.

மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. அந்த நாளில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய். தபாலாபீஸில் கட்டினால் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார்கள். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. புத்தகத்தில் பெட்டியின் பெயர், எண், அப்பாவின் கையெழுத்து. மெக்கானிக்குக்கு மாடலைக் கண்டுபிடிக்க அது உதவியது. எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. கடைசி வில்லை 1983ஆம் ஆண்டுக்கு. அப்பா அந்த ரேடியோவைத் தொடுவதை நிறுத்தி ஐந்தாறு வருடம் ஆன பிறகும், வருடா வருடம் சைக்கிள் மிதித்துப்போய் அதற்குப் பதினைந்து ரூபாய் கட்டியிருக்கிறார்.

*

ரேடியோ பாடத் தொடங்கியதும் அக்காவை வரவழைத்தேன். அவளுக்கு அறுபத்தேழு வயது. அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் பதிவு செய்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அம்மா குரல் எங்களிடம் பதினொரு நொடிதான் இருக்கிறது. அப்பாவின் மணிவிழாவுக்கு எடுத்த கேசட்டில், நாதஸ்வரத்துக்கு நடுவே, "அந்தப் பாலை இறக்கு, பொங்கிவிடும்" என்று யாரையோ அதட்டுகிறாள். அந்தக் கேசட்டும் வெள்ளைப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அப்படிப்பட்டதை அவசரப்பட்டு ஓட்டினால் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். உலர்ந்த இடத்தில் சில நாள் வைத்து, பூஞ்சையை மெல்ல நீக்கி, பென்சிலைச் சொருகிக் கையால் ஒரு முறை முழுக்கச் சுற்றித் தளர்த்தி, ஒலித்தலை சுத்தமாக இருக்கும் கேசட் டெக்கில் ஒரே ஒரு முறை ஓட்டி அப்போதே கணினியில் ஏற்றிவிட வேண்டும். இரண்டாவது முறை கிடைக்கும் என்று நம்பக் கூடாது.

அக்காவை உட்கார வைத்துச் செல்பேசியை நீட்டி, "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது, சொல்" என்றேன். "நன்றாகத்தான் இருந்தது" என்றாள். அவ்வளவுதான் வந்தது. இன்னும் நாலு கேள்வி கேட்டேன், நாலு பதிலும் சேர்ந்து ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை. பேட்டி எடுப்பது போல் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். அவர்களுக்கு வாய் மறந்துவிடும்.

பிறகு, யோசித்துச் செய்ததில்லை, செல்பேசியில் அகில இந்திய வானொலியின் தொடக்க இசையைப் போட்டேன். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து பம்பாய் நிலையத்தில் இருந்த வால்ட்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞர் 1930களில் அமைத்தது அது. தம்புராவும் வயலினுமாக விடியற்காலையில் எத்தனை கோடிப் பேரை எழுப்பியிருக்கும். ஐந்து நொடி ஓடியிருக்காது, அக்கா முழங்கையைத் தடவிக்கொண்டாள். "இந்த நேரத்துக்குப் பல் தேய்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டி கரண்டிக்காம்பால் ஒன்று வைப்பாள், இதோ இந்த இடத்தில்" என்று தொடங்கினாள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். நான் செய்ததெல்லாம் மின்விசிறியை அணைத்தது, செல்பேசியை மேசை அதிராமல் மடித்த துண்டின் மேல் வைத்தது, வாயை மூடிக்கொண்டது. குக்கர் விசில் நாலு முறை பதிவாகியிருக்கிறது, வெட்டவில்லை. அன்றிரவே தேதியும் பெயரும் போட்டு ஒரு பிரதியை அவள் மகளுக்கும் அனுப்பிவிட்டேன். என் ஒருவனிடம் மட்டும் இருந்தால் அதையும் ஒரு நாள் துடைத்துவிடுவேன்.

அந்தப் பேச்சில்தான் இது வந்தது. அம்மா பகலில் கேட்டாளே, அப்பா கைவைத்துப் பார்ப்பாரே, ஒரு நாளாவது சண்டை வந்ததா என்று கேட்டேன். இந்த ஒரு கேள்வியை மட்டும் அடக்க முடியவில்லை.

அக்கா சிரித்தாள். "அவருக்குத் தெரியாமலா இருக்கும்? குளத்து முக்கு திரும்பும்போதே சைக்கிள் மணி அடிப்பாரே, கேட்டதில்லையா நீ? ஆள் இல்லாத இடம் அது. யாருக்காக அடித்தார்? மணி கேட்டதும் அம்மா அணைத்து, உறையைப் போட்டு, முள்ளைத் திருச்சிக்குத் திருப்பி வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவர் வந்து கைவைத்துப் பார்ப்பார்."

"அப்புறம் எதற்குக் கைவைத்துப் பார்ப்பது?"

"அது என்னவோ, அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்."

அந்த மணி எனக்கும் நினைவிருக்கிறது. நாய்களுக்காக அடிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

*

ராத்திரி சாப்பிட்ட பிறகு ரேடியோவைப் போட்டோம். மத்திய அலை கேட்க இரவுதான் வசதி. பகலில் அந்த அலையை வானத்தில் உறிஞ்சிக்கொள்ளும் அயனி அடுக்கு ஒன்று சூரியன் போனதும் கலைந்துவிடும்; அதற்கு மேலே பட்டுத் திரும்பி வெகுதூரத்து நிலையமும் வந்து சேரும். இப்போதைய எதிரி வானத்தில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் சேர்ந்து ஈக்கூட்டம் போல இரைகின்றன. வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால் எது குற்றவாளி என்று பிடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அது கூடத்து பல்பு. அணைத்தோம். கையடக்க டிரான்சிஸ்டராக இருந்தால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், படுத்த வாக்கில் மெல்லச் சுற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஏரியல் கம்பி எந்தத் திசைக்குச் சரியாக நிற்கிறதோ அங்கே குரல் தெளியும். இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு வானொலி நிலையங்கள் எல்லாம் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் கிடைக்கின்றன. நானும் வைத்திருக்கிறேன். நடைப்பயிற்சிக்கு நல்லது.

இருட்டில் முகப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நான் துடைத்த கண்ணாடியில் எழுத்து பாதி, வெறும் வெளிச்சம் பாதி. திருச்சி நிலையம் 936 கிலோஹெர்ட்ஸ் என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த முகப்பில் அந்த எண் எங்கே வரும் என்று சொல்ல ஒரு கோடும் மிச்சமில்லை. நான் குமிழைத் திருப்பி அங்கும் இங்கும் துழாவிக்கொண்டிருந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். முள்ளை இடதுகோடிக்கு முழுக்கத் தள்ளினாள். அங்கிருந்து பார்க்காமலே, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, ஒரே சீராகத் திருப்பிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். பச்சை இறக்கைகள் நடுங்கின, நெருங்கின, ஒட்டிக்கொண்டன. கரகரப்புக்கு நடுவே ஓர் ஆண்குரல் நாளைய நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கேட்டோம். பிறகு அக்கா நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, முள் நின்ற இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினாள். சற்றுக் கோணலாகத்தான் ஒட்டியிருந்தாள். ஓரத்தை அழுத்திச் சரிசெய்யலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"நீ தொடாதே" என்றாள்.